கோப்பின் நாள்களும் மனத்தின் ஒத்திவைப்பும்: அலுவலகக் காலத்தாழ்வை அளந்த முறைகளின் வரலாறு (நெய்வேலி – குறிஞ்சிப்பாடி வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

அலுவலகப் பணியாளரிடம் காணப்படும் ஒத்திப்போடும் இயல்பை அளப்பதற்கான உளவியல் அளவுகோல்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவானவை. தமிழக அரசு அலுவலகங்களோ அதற்கு வெகுமுன்பே, தன்பதிவேடு, நிலுவைப் பட்டியல் ஆகியவற்றின் வழியே காலத்தாழ்வை நாள்கணக்கில் அளக்கத் தொடங்கிவிட்டன. முன்னது மனிதரை அளக்கிறது. பின்னது கோப்பை அளக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நிருவாக அமைப்பின் காலத்தாழ்வு கடைநிலை எழுத்தரின் குணக்குறையாகப் பதிவாகும் நிலை ஏற்படுகிறது. இரு அளவீட்டு மரபுகளின் வரலாற்றையும் ஒப்பிட்டு, தமிழ்ச் சூழலுக்கு ஏற்ற அளவுகோல் எவற்றைப் பிரித்தறிய வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஒத்திப்போடல், காலத்தாழ்வு, தன்பதிவேடு, டாட்டன்ஹாம் முறை, நிலுவை, உளவியல் அளவுகோல், நெய்வேலி, குறிஞ்சிப்பாடி.

முன்னுரை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்திற்குக் கீழே மிகுந்த அழுத்தமுடைய நிலத்தடி நீர்த்தேக்கம் உள்ளது. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை மேலெழும்பி உடையாமல் நிற்கும். இவ்விறைப்பு வேலையை நாளைக்கு என்று தள்ளிவைக்க வழியில்லை. தள்ளிவைத்தால் அதன் விளைவு சில மணி நேரங்களிலேயே கண்முன் தெரிந்துவிடும். மண்ணகற்றும் பொறிகள், கடத்துப்பட்டைகள், அனல்மின் நிலையக் கொதிகலன்கள் ஆகிய அனைத்தும் இத்தகைய காலக் கட்டுப்பாட்டுக்குள் இயங்குபவை. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் துணையுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. இங்கு தாமதம் என்பது டன்னிலும் யூனிட்டிலும் உடனுக்குடன் கணக்கிடப்படும் இழப்பாகும்.

சுரங்கத்திற்கு அண்மையில் உள்ள குறிஞ்சிப்பாடியின் அலுவலகங்களில் நிலைமை வேறு. பட்டா மாறுதல் கோரும் மனு ஒன்று மேசை இழுப்பறையில் பத்து நாள் கிடந்தாலும் எதுவும் உடைவதில்லை. எந்த ஒலியும் எழுவதில்லை. மனுதாரர் மட்டுமே அதனை உணர்கிறார். அலுவலகக் காலத்தாழ்வு இயல்பாகவே கண்ணுக்குத் தெரியாதது. யாரேனும் எழுதி வைத்தால்தான் அது வெளிப்படும். ஆகவே அதனை எவ்வாறு எழுதி வைத்தனர், எதை எழுதாமல் விட்டனர் என்பது நிருவாக வரலாற்றின் முக்கியமான வினாக்களில் ஒன்றாகிறது. அண்மைக் காலத்தில் மேலாண்மையியல், உளவியல் துறைகளின் ஆய்வேடுகள் மேலைநாட்டு அளவுகோல்களை மொழிபெயர்த்துப் பணியாளர்களிடம் வினாநிரலாக வழங்கும் வழக்கம் நிலவுவதால் இவ்வினா ஆய்வுலகிற்கும் உரியதாகிறது.

1. சொற்களில் உறையும் இரு பார்வைகள்

காலத்தாழ்வைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களை இரு தொகுதிகளாகப் பகுக்கலாம். மடி, சோம்பல், மெத்தனம், தள்ளிப்போடுதல் என்பன மனிதரைச் சுட்டுபவை. நிலுவை, கிடப்பு, தவணை, வாய்தா என்பன பொருளையோ வழக்கையோ கெடுவையோ சுட்டுபவை. மெத்தனமாக இருப்பவர் பணியாளர்; நிலுவையில் இருப்பது கோப்பு. ‘கிடப்பில் போடுதல்’ என்னும் தொடர் இவ்விரண்டையும் இணைக்கிறது. போடுபவர் ஒருவர் உண்டு என்பதை அது உணர்த்துகிறது. ஆயினும் அவர் யாரென்று சொல்வதில்லை.

பொதுவழக்கில் உள்ள ‘தாமதம்’ என்னும் சொல்லின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. அது ‘தாமசம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. முக்குணங்களுள் இருளையும் மந்தத்தையும் குறிக்கும் தமோ குணத்தோடு தொடர்புடையது. ஆகவே ‘ஏன் தாமதம்?’ என்னும் எளிய வினாவின் வேரில் வினவப்படுபவரின் குணம் பற்றிய தீர்ப்பு ஒன்று மறைந்துள்ளது எனலாம்.

திருக்குறள் இதனை இரண்டு இடங்களில் வெவ்வேறு நோக்கில் கையாள்கிறது. மடியின்மை அதிகாரம் காலம் நீட்டித்தலை மறதி, சோம்பல், தூக்கம் ஆகியவற்றோடு சேர்த்துக் கெடுவாரின் இயல்பாகக் காட்டுகிறது. வினைசெயல்வகை அதிகாரமோ காலந்தாழ்த்திச் செய்யத்தக்க வினைகள் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, தாழ்த்தக் கூடாதவற்றைத் தாழ்த்துவதையே விலக்குகிறது. அங்கு காலந்தாழ்த்தலைக் குறிக்க ஆளப்படும் வினைச்சொல் ‘தூங்குதல்’ என்பதாகும். ‘கோப்பு தூங்குகிறது’ என்னும் இன்றைய வழக்கில் அச்சொல்லின் பழம்பொருள் அறியப்படாமலேயே தொடர்கிறது. முதல் அதிகாரம் குணத்தை நோக்குகிறது. இரண்டாவது வினையின் தன்மையை நோக்குகிறது. தகுந்த தாழ்வு, தகாத தாழ்வு என்னும் இப்பாகுபாடே இக்கட்டுரையின் அடிப்படை.

2. நாளிடும் மரபு

ஒரு செயலின் படிநிலைகளுக்குத் தனித்தனியே நாள் குறிப்பது தமிழக நிருவாகத்திற்குப் புதிதன்று. ஆனைமங்கலச் செப்பேடு போன்ற சோழர் ஆவணங்கள் மன்னனின் வாய்மொழி ஆணை பிறந்த நாளையும் அது வரியிலிடப்பட்ட நாளையும் ஆட்சியாண்டு, நாள் எண்களோடு வேறுபடுத்திக் குறிக்கின்றன. ஆணையை எழுதியோர், ஒப்பிட்டோர், வரிப்பொத்தகத்தில் பதிந்தோர் ஆகியோரின் பொறுப்புகளும் பதவிப் பெயர்களும் அவற்றில் இடம்பெறுகின்றன. ஆயினும் அங்கு நாளிட்டதன் நோக்கம் உரிமையை நிலைநாட்டுவதே. இரு நாள்களுக்கும் இடைப்பட்ட இடைவெளியைக் குறையாகக் கருதி அளக்கும் நோக்கம் அவற்றில் இல்லை.

அந்நோக்கம் ஆங்கிலேயர் கால மாவட்ட அலுவலகங்களில் தெளிவாக உருவெடுத்தது. சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடைமுறைக்கு வந்த அலுவலக ஒழுங்கு, டாட்டன்ஹாம் என்னும் ஐ.சி.எஸ். அலுவலரின் பெயரால் ‘டாட்டன்ஹாம் முறை’ என வழங்கப்படுகிறது. மாவட்ட அலுவலக நடைமுறை நூலின் வழியே நிலைபெற்ற அம்முறை, மாகாணம் பிரிந்த பின்னரும் ஆந்திரம் உள்ளிட்ட பகுதிகளில் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் இளநிலை உதவியாளர்களும் உதவியாளர்களும் பவானிசாகர் குடிமைப் பயிற்சி நிலையத்தில் இன்றும் இதன் கூறுகளைப் பயில்கின்றனர்.

3. தன்பதிவேடு அளந்தவை

டாட்டன்ஹாம் முறையின் நடு அச்சு தன்பதிவேடு. அலுவலகத்திற்கு வரும் ஒவ்வொரு தபாலும் நாள்முத்திரை பெற்று, பகிர்மானப் பதிவேட்டில் எண் பெற்று, உரிய பிரிவு எழுத்தரைச் சென்றடையும். எழுத்தர் அதனைத் தம் தன்பதிவேட்டில் பதிவார். கோப்பு எண், தம்மிடம் வந்த நாள், அனுப்பியவர், பொருள், அலுவலருக்குச் சமர்ப்பித்த நாள், அலுவலரிடமிருந்து திரும்பிய நாள், பிற அலுவலகத்திற்குக் கடிதம் சென்ற நாள், மறுமொழி வந்த நாள், முடிவின் தன்மை ஆகியவை அதில் அடுத்தடுத்த பத்திகளாக அமையும். குறித்த கால இடைவெளிகளில் கண்காணிப்பாளரும் அலுவலகத் தலைவரும் அப்பதிவேட்டைத் தணிக்கை செய்வர். முடிவுறாதவை நிலுவைப் பட்டியலில் ஏறும். மறுமொழி வாராத கடிதங்கள் நினைவூட்டு நாட்குறிப்பில் இடம்பெறும்.

இப்பத்திகளை அளவீட்டுக் கருவியாக நோக்கினால் அதன் நுட்பம் புலப்படுகிறது. வந்த நாளுக்கும் சமர்ப்பித்த நாளுக்கும் இடைப்பட்டது எழுத்தர் கையில் கழிந்த காலம். சமர்ப்பித்த நாளுக்கும் திரும்பிய நாளுக்கும் இடைப்பட்டது அலுவலர் மேசையில் கழிந்த காலம். கடிதம் சென்ற நாளுக்கும் மறுமொழி வந்த நாளுக்கும் இடைப்பட்டது வெளியே கழிந்த காலம். ஒரே கோப்பின் மொத்தக் காலத்தாழ்வை மூன்று இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஆற்றல் இப்பதிவேட்டிற்கு உண்டு.

நான்காவதாக ஒன்றும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பு, மேலாணை போன்றவற்றுக்காகப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டிய கோப்புகளை, அலுவலரின் ஆணை பெற்று, ‘கால் புக்’ என அலுவலகங்களில் வழங்கும் தனிப் பதிவேட்டிற்கு மாற்றலாம். அவ்வாறு மாற்றப்பட்டவை நிலுவைக் கணக்கில் சேரா. குறித்த நாளில் மீண்டும் எடுக்கப்படும். தாழ்த்தத்தக்கவற்றைத் தாழ்த்தலாம் என்னும் குறளின் பாகுபாட்டிற்கு நிருவாகம் அளித்த வடிவமாக இதனைக் கருதலாம். ஒத்திவைப்பு இங்கு குற்றமாகவோ குணமாகவோ கொள்ளப்படவில்லை; நாளும் காரணமும் கையொப்பமும் உடைய ஒரு முடிவாகக் கொள்ளப்பட்டது.

4. அளவீட்டிலிருந்து தப்பியவை

தன்பதிவேட்டின் குறைகளும் அதன் அமைப்பிலேயே உள்ளன. முதலாவது, அது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர, அது அங்கு இருப்பதன் காரணத்தைக் காட்டாது. எழுத்தர் கையில் கழிந்த பத்து நாள் சோம்பலால் நேர்ந்ததா, இரண்டு பிரிவுகளின் வேலையை ஒருவரே பார்த்ததால் நேர்ந்ததா, விதி புரியாத அச்சத்தால் நேர்ந்ததா என்பது அப்பத்தியில் தெரியாது.

இரண்டாவது, அளவீடு தொடங்கியதும் அளவீட்டை நோக்கிய செயல்களும் தொடங்குகின்றன. கூடுதல் விவரம் கோரி ஒரு கடிதம் அனுப்பிவிட்டால் கோப்பு எழுத்தரின் கணக்கிலிருந்து வெளியார் கணக்கிற்கு மாறிவிடும். அவ்விவரம் உண்மையில் தேவைப்பட்டதா என்பதைப் பதிவேடு வினவாது. மனுவை மேல்நடவடிக்கைக்காக வேறு அலுவலகத்திற்கு அனுப்பிவிட்டு இங்கே முடிவு எண் இட்டால் நிலுவை ஒன்று குறையும். மனுதாரரின் காத்திருப்பு குறைவதில்லை. கோப்பு அசைந்திருக்கிறது, வேலை அசையவில்லை. உளவியலார் ஒத்திப்போடல் என வரையறுக்கும் நடத்தை இத்தகைய சுறுசுறுப்பான கடிதப் போக்குவரத்துக்குள்ளும் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது, பதிவேடு அலுவலகத்தின் எல்லைக்குள் மட்டுமே கணக்கிடும். பட்டா உட்பிரிவு மனு கிராம நிருவாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், நில அளவர், மண்டலத் துணை வட்டாட்சியர் எனப் பல கைகளைக் கடக்க வேண்டியது. ஒவ்வொருவரின் பதிவேட்டிலும் சில நாள்களே கழிந்திருக்கலாம். மனுதாரரின் மொத்த நாள்களைக் கூட்டும் பத்தி எவருடைய பதிவேட்டிலும் இல்லை.

5. விடுதலைக்குப் பின்: காலத்தாழ்வும் கையூட்டும்

விடுதலைக்குப் பின் திட்டப் பணிகள் பெருகியபோது நடுவண் அரசு காலத்தாழ்வை நிருவாகச் சீர்திருத்தத்தின் பொருளாக எடுத்துக்கொண்டது. அமெரிக்க நிருவாகவியல் அறிஞர் பால் ஆப்பிள்பி 1953இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1954இல் நடுவண் அரசில் அமைப்பு – முறைகள் பிரிவு உருவாக்கப்பட்டது. அவ்வாண்டே இந்தியப் பொது நிருவாக நிறுவனமும் தோன்றியது. நிலுவைக் கோப்புகளைக் கணக்கெடுப்பதும், ஒரு கோப்பு கடக்க வேண்டிய படிகளைக் குறைப்பதும் அப்பிரிவின் கவனத்தில் இருந்தன.

இவ்வரலாற்றில் மற்றொரு திருப்பத்தை ஏற்படுத்தியவர், அரசியல் நிருணய சபையில் இடம்பெற்றிருந்த தமிழரான க. சந்தானம். 1962இல் அவர் தலைமையில் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழு 1964இல் அறிக்கை அளித்தது. விதிக்கு மாறான ஒன்றைப் பெறுவதற்காக அன்றி, விதிப்படி கிடைக்க வேண்டியதை விரைந்து பெறுவதற்காகவே மக்கள் கொடுக்கும் ‘விரைவுப் பண’த்தை அக்குழு சுட்டிக்காட்டியது, நிருவாகக் காலத்தாழ்வு ஊழலுக்கு முக்கியக் காரணம் எனக் கண்டது. இக்கருத்து காலத்தாழ்வின் பொருளையே மாற்றியது. அதுவரை சோம்பலாகவோ வேலைப்பளுவாகவோ கருதப்பட்டது, விலை உள்ள ஒரு பண்டமாகவும் இருக்கலாம் என்பது வெளிப்பட்டது. வேண்டுமென்றே உருவாக்கப்படும் காலத்தாழ்வு, ஒத்திப்போடும் மனஇயல்பைச் சார்ந்ததன்று. வெளியிலிருந்து நோக்குவோருக்கு இரண்டும் ஒரே நாள்கணக்காகவே தெரியும்.

6. டெய்லர் முதல் உளவியல் அளவுகோல் வரை

மேலைநாட்டில் பணியாளரின் தாழ்வை அளக்கும் முயற்சி தொழிற்சாலையில் தொடங்கியது. எஃப். டபிள்யூ. டெய்லர் 1903இலும் 1911இலும் வெளியிட்ட நூல்களில், தொழிலாளர் வேண்டுமென்றே மெல்ல வேலை செய்வதைப் படைவீரர் வழக்கிலிருந்து வந்த ‘சோல்ஜரிங்’ என்னும் சொல்லால் குறித்தார். அதனை இயல்பான மந்தம், கூடித் திட்டமிட்ட மந்தம் என இரண்டாகப் பிரித்தார். இரண்டாவதற்கு அவர் கூறிய காரணம் கவனத்திற்குரியது: விரைந்து வேலை செய்தால் முதலாளி உருப்படிக் கூலியைக் குறைத்துவிடுவார் என்னும் தொழிலாளரின் அச்சமே அது. நிறுத்துகடிகாரம் கொண்டு வேலையை அளந்த டெய்லருக்கும், தாழ்வின் வேர் ஊதிய முறையில் இருக்கக்கூடும் என்பது தெரிந்திருந்தது.

ஒத்திப்போடல் தனிமனித இயல்பாக உளவியலின் ஆய்வுப் பொருளானது பின்னர்தான். ஆல்பர்ட் எல்லிஸ், வில்லியம் நாஸ் ஆகியோரின் நூல் 1977இல் வெளிவந்தது. சாலமன், ராத்பிளம் ஆகியோர் 1984இல் மாணவர்களுக்கான அளவுகோலை உருவாக்கினர். கிளாரி லே 1986இல் இருபது கூற்றுகளைக் கொண்ட பொது ஒத்திப்போடல் அளவுகோலை வெளியிட்டார். பியர்ஸ் ஸ்டீல் 2007இல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து, தீங்கு நேரும் என எதிர்பார்த்தும், செய்ய எண்ணிய செயலைத் தானே விரும்பித் தாழ்த்துவதே ஒத்திப்போடல் என வரையறுத்தார். இவ்வரையறையில் மூன்று கட்டளைகள் உள்ளன: செய்ய எண்ணியிருக்க வேண்டும், தாழ்த்துவது தன் விருப்பமாக இருக்க வேண்டும், தீங்கை அறிந்திருக்க வேண்டும். இம்மூன்றும் கூடாத தாழ்வு ஒத்திப்போடல் ஆகாது.

மாணவர்களிடம் பிறந்த அளவுகோல்கள் அலுவலகத்திற்கு முழுமையாகப் பொருந்தாமையை உணர்ந்து, உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மெட்டின், டாரிஸ், பீட்டர்ஸ் ஆகியோர் 2016இல் பணியிட ஒத்திப்போடல் அளவுகோலை வெளியிட்டனர். பன்னிரண்டு கூற்றுகளைக் கொண்ட அது இரு கூறுகளை உடையது. ஒன்று, நீண்ட இடைவேளை, பகற்கனவு, இன்பமான சிறு வேலைகளுக்கு முன்னுரிமை போன்றவற்றால் பணியைத் தவிர்த்தல். மற்றது, பணிநேரத்தில் இணையத்தைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தல். முதற்கூறுக்கு அவர்கள் இட்ட பெயர் டெய்லர் ஆண்ட அதே ‘சோல்ஜரிங்’. சொல் நிலைத்தது, பொருள் மாறியது. டெய்லரிடம் கூலி முறையோடு பிணைந்திருந்த கூட்டு நடத்தை, ஒரு நூற்றாண்டு கழித்துத் தனியொருவர் தம்மைப் பற்றித் தாமே மதிப்பெண் இடும் கூற்றாகிவிட்டது. அளவீட்டின் வரலாற்றில் இது பெரும் இடப்பெயர்ச்சியாகும்.

7. காலத்தாழ்வின் விலை

கோப்பையும் மனத்தையும் அளக்கும் மரபுகளோடு, காலத்தாழ்வைப் பணத்தால் அளக்கும் மூன்றாவது மரபு சட்டத்தில் உள்ளது. நெய்வேலி வட்டாரத்திற்கு அது நேரடித் தொடர்புடையது. சுரங்கத்திற்காக இங்குள்ள சிற்றூர்களின் நிலங்கள் 1950களிலிருந்தே எடுக்கப்பட்டு வந்துள்ளன. 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் நீண்ட காலம் தீர்வம் வழங்குவதற்குக் காலக்கெடு எதுவும் விதிக்கவில்லை. 1984ஆம் ஆண்டுத் திருத்தம், உறுதி அறிவிப்பு வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் தீர்வம் வழங்காவிட்டால் நடவடிக்கை முழுவதும் காலாவதியாகும் என விதித்தது. நிலத்தைக் கைக்கொண்ட பின் இழப்பீடு தாமதமானால் முதலாண்டிற்கு 9 விழுக்காடும் அதன்பின் 15 விழுக்காடும் வட்டி என நிறுவியது. இங்கு காலத்தாழ்வின் அளவு இழப்புற்றவரின் பக்கமிருந்து கணக்கிடப்படுகிறது. ஆனால் அதன் சுமை பொதுப்பணத்தின் மீது விழுகிறது. தாழ்த்தியவர் யார் என்னும் வினா எழுவதில்லை.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அவ்வினாவை எழுப்பியது. மனு கிடைத்த 30 நாள்களுக்குள் தகவல் தர வேண்டும். தகுந்த காரணமின்றித் தாழ்த்தினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை, பொதுத் தகவல் அலுவலரே தண்டம் செலுத்த நேரிடும். ‘தகுந்த காரணமின்றி’ என்னும் தொடரும், தண்டம் விதிக்குமுன் அலுவலரைக் கேட்க வேண்டும் என்னும் விதியும் கவனிக்கத்தக்கவை. நாள்கணக்கு மட்டுமே குற்றத்தை நிறுவிவிடாது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

தனியொருவரின் மனவியல்பைக் கொண்டு விளக்க இயலாத காலத்தாழ்வுக்கு 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நிகழ்ந்தது சான்றாகும். பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டதாகச் சுரங்க நிறுவனம் கூறிய நிலங்களில் உழவர்கள் தொடர்ந்து பயிரிட்டு வந்த நிலையில், விளைந்து நின்ற நெற்பயிரின் ஊடே கால்வாய் வெட்டப்பட்டது. பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நிலம் எடுக்கப்பட்டதற்கும் அது பயன்பாட்டிற்குக் கொள்ளப்பட்டதற்கும் இடையே கழிந்த ஆண்டுகளில் எத்தனையோ கோப்புகள் நகர்ந்திருக்கும். அவ்விடைவெளி முழுவதையும் அளந்து காட்டும் ஒற்றைப் பதிவேடு இல்லை. ஆனால் அதன் விளைவு வயலில் வெளிப்பட்டது.

8. ஒரு கோப்பும் மூன்று அளவீடுகளும்

மூன்று மரபுகளும் ஒன்றுக்கொன்று எவ்வாறு வேறுபட்ட விடை தருகின்றன என்பதை ஒரு கற்பித எடுத்துக்காட்டால் விளக்கலாம். உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல் மனு ஒன்று 84 நாள்களில் முடிவடைந்ததாகக் கொள்வோம். எழுத்தர் முதலில் சமர்ப்பிக்க 5 நாள், அலுவலர் திருப்ப 6 நாள், நில அளவு அறிக்கை வர 58 நாள், எழுத்தர் மீண்டும் சமர்ப்பிக்க 4 நாள், இறுதி ஆணைக்கு 11 நாள் ஆயின எனக் கொள்வோம்.

மனுதாரரின் அளவீடு 84 நாள் என்பதே. தன்பதிவேட்டின் அளவீட்டில் எழுத்தர் கையில் 9 நாள், அலுவலரிடம் 17 நாள், வெளியே 58 நாள். எழுத்தரின் பங்கு மொத்தத்தில் பத்தில் ஒன்றை ஒட்டியதாகும். உளவியல் அளவுகோலோ இந்த நாள்களில் எதையும் காணாது. ‘வேலையைத் தொடங்கத் தயங்குகிறேன்’ என்பது போன்ற கூற்றுக்கு அவ்வெழுத்தர் இடும் மதிப்பெண்ணை மட்டுமே அது பெறும். 58 நாள் காத்திருந்த கோப்பின் நினைவில் அவர் தம்மையே நொந்துகொண்டு உயர்ந்த மதிப்பெண் இடலாம். அல்லது மேலலுவலர் வழியே வந்த வினாநிரல் என்பதால் அஞ்சிக் குறைந்த மதிப்பெண் இடலாம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ), 17(ஆ) பிரிவுக் குறிப்பாணைகளை அறிந்த அரசுப் பணியாளரிடம் இவ்வச்சம் இயல்பானது.

ஆயினும் உளவியல் அளவுகோல் பயனற்றது என்பது இதன் முடிபன்று. எழுத்தர் கையில் கழிந்த 9 நாள்களின் காரணத்தைப் பதிவேடு சொல்லாது. அதனை வினவும் கருவி அளவுகோலே. பதிவேடு எங்கு என்பதை அறியும். அளவுகோல் ஏன் என்பதன் ஒரு பகுதியை அறியும். முதலாவதன் துணையின்றி இரண்டாவதைப் பயன்படுத்தும்போதுதான் 84 நாள்களின் பொறுப்பும் ஒருவரின் குணத்தின் மீது ஏற்றப்படுகிறது.

9. தமிழில் அளவுகோல் அமைப்போர் கருதத்தக்கவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நான்கு கருத்துகளைப் பெறலாம். ஒன்று, வினாநிரலில் பணியாளரின் விருப்பத்தால் நேர்ந்த தாழ்வும், ஆணைக்கோ அறிக்கைக்கோ காத்திருந்ததால் நேர்ந்த தாழ்வும் தனித்தனிக் கூற்றுகளாக அமைய வேண்டும். இரண்டு, ‘தாமதம்’, ‘மெத்தனம்’ போன்ற தீர்ப்பேறிய சொற்களைத் தவிர்த்து, ‘எடுத்துவைத்தல்’, ‘பின்னர்ச் செய்தல்’ போன்ற செயலைச் சுட்டும் சொற்களைக் கையாளுதல் நன்று. மொழிபெயர்ப்பில் இழக்கப்படுவது பொருளை விட நடுநிலையே. மூன்று, இணையப் பயன்பாடு பற்றிய கூற்றுகள் கணினி முன் பணிபுரிவோருக்கே பொருந்தும். களப்பணியும் அலுவலகப் பணியும் கலந்த வருவாய்த் துறைப் பணியாளருக்கும், ஷிப்ட் முறையில் இயங்கும் சுரங்க நகரின் அலுவலகப் பணியாளருக்கும் அவை ஒரே பொருளைத் தாரா. நான்கு, மதிப்பெண்ணை நாள்கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். மின்னணுக் கோப்பு முறையில் ஒவ்வோர் அசைவின் நேரமும் தானே பதிவாவதால் இவ்வொப்பீடு முன்பைவிட எளிதாகிறது. அதே எளிமை பணியாளரைக் கண்காணிக்கும் கருவியாகவும் மாறக்கூடும் என்பதால், பெயர் நீக்கிய தரவுகளையே ஆய்வுக்குக் கொள்ளும் நெறி இன்றியமையாதது.

முடிவுரை

அலுவலகக் காலத்தாழ்வை அளக்கும் வரலாறு, அளவீடு எதன் மீது வைக்கப்பட்டது என்பதன் வரலாறாகவே அமைந்துள்ளது. சோழர் செப்பேடு ஆணையின் படிகளுக்கு நாளிட்டது. டாட்டன்ஹாம் முறை அப்படிகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, தகுந்த ஒத்திவைப்பிற்குத் தனிப் பதிவேடும் அளித்தது. சந்தானம் குழு இடைவெளிக்கு விலை உண்டு எனக் காட்டியது. 1984ஆம் ஆண்டுத் திருத்தமும் தகவல் உரிமைச் சட்டமும் அவ்விலையைச் சட்டத்தில் எழுதின. உளவியல் அளவுகோல்கள் அளவீட்டைக் கோப்பிலிருந்து மனத்திற்கு மாற்றின. பணியாளரின் மனப்போராட்டத்தை ஆய்வுக்குரியதாக்கியது அம்மாற்றத்தின் ஆதாயம். காத்திருப்புக்கும் ஒத்திப்போடலுக்கும் இடையே பழைய பதிவேட்டில் பத்தி பத்தியாகத் தெரிந்த வேறுபாடு மறைந்துபோனது அதன் இழப்பு. குறிஞ்சிப்பாடியின் ஓர் அலுவலகத்தில் தம்மைப் பற்றித் தாமே மதிப்பெண் இடும் எழுத்தரின் வினாநிரலை மதிப்பிடும் ஆய்வாளர், அவருடைய தன்பதிவேட்டையும் அருகில் வைத்துப் படிப்பின், மனுதாரரின் 84 நாள்களில் எவை அவருடையவை, எவை அவருடையவை அல்ல என்பதை நேர்மையாகக் கூற இயலும்.